உப்புப் பூக்காத துண்டு

காசிமாயன் வாய்விட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு வராத ஆள் இல்லை. வந்தால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வான். துண்டுக்குப் பின்னால் உடம்பு குலுங்கும், அவ்வளவுதான். வாயைத் திறந்தால் மேலே ரெண்டு பல், கீழே ஒன்று. அதுவும் நாய்க்குட்டியின் பல் மாதிரி கூராக இருக்கும். தலையில் பிறந்த பிள்ளைக்கு இருக்கிற அளவுதான் முடி. புருவம் சுத்தமாகக் கிடையாது. அதனால் விடிந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் தலைப்பாவைக் கண்ணுக்கு மேலே இறக்கிக் கட்டியிருப்பான்.

எனக்கு அவன் பங்காளி, தம்பி முறை. எழுமலைக்கு மேற்கே ஒரே தெருவில் பிறந்தோம். ஊரில் அவனைக் காசிமாயன் என்று கூப்பிட்டவர்கள் குறைவு. மற்றவர்களுக்கு அவன் எருமை.

தண்ணீரைக் கண்டால் விடமாட்டான் என்பதால் வந்த பெயர் அது. மற்ற பையன்கள் கிணற்றில் குதித்து, கும்மாளம் போட்டு, ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவன் கழுத்தளவு தண்ணீரில் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருப்பான். வளர்ந்து வேலைக்கு வந்த பிறகும் அதேதான். கமலை இறைக்கும்போது பாதியில் மாட்டை விட்டுவிட்டு ஓடிப்போய் வாய்க்காலில் படுத்துக்கொள்வான். களை வெட்டப் போனால் மண்வெட்டி ஒரு பக்கம், அவன் மடையில் ஒரு பக்கம். கூலிக்குக் கூப்பிட்டவர்கள் மறுதடவை கூப்பிடுவதில்லை. வேலைக் கள்ளன் என்று பெயர் எடுத்துவிட்டான்.

அவனுக்கு வேர்க்காது. விஷயம் இவ்வளவுதான். ஆனால் அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தெரியும், வயிற்றுப்போக்கு வந்தால் தெரியும். வேர்க்கவில்லை என்பதை எவன் பார்ப்பான்? பங்குனி பிறந்தால் அவன் உடம்பு அடுப்படிக் கல் மாதிரி கொதிக்கும். அவன் அம்மா சோலையம்மாள் அகலப் பானையில் தண்ணீர் ஊற்றி அவனை உள்ளே உட்கார வைப்பாள். கயிறு கட்டினாள், குறி சொல்கிற கோடாங்கியைக் கூட்டிவந்து பார்த்தாள். "எனக்குன்னு எங்கருந்துடா வந்து பொறந்த, எங்க வம்சத்துலயே இல்லாத கூத்தா?" என்று அவன் காதுபடவே புலம்புவாள். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அவன் வளர்ந்தான்.

உலகத்தில் தான் ஒருத்தன்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டான். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் ஒருநாள் கமலையடியில் கேட்டான்.

"அண்ணே, எல்லார் முதுகும் எண்ணெய் தேச்ச மாதிரி மினுங்குது. என் முதுகு மட்டும் ஏண்ணே சாம்பலா கெடக்கு?"

ஓட்டுடா மாட்டை என்றேன்.

நல்லகாமன் மாமாவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். சோலையம்மாளுக்கு உடன்பிறந்த தம்பி. உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரில் கிணறும் சோளக்காடும் பருத்தியுமாக இருந்தவர். அவர் மகள் இருளாயி. முறைப்படி அவள் காசிமாயனுக்குத்தான். வேறு இடத்தில் கொடுப்பதென்றால் ஊருக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். காரணம் இல்லாமல் அக்காள் மகனுக்கு இல்லை என்று சொல்ல எந்த மாமனுக்கும் வாய் வராது.

போடிக்கு ரயில் விட்ட மறுவருசம். சோலையம்மாள் தம்பி வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டாள். மாமா முடியாது என்று சொல்லவில்லை.

"பங்குனியில சோளம் அடிக்கணுங்க்கா. ஒம்மகனக் களத்துக்கு அனுப்பு. அடிச்சு முடியிற மட்டும் இருக்கட்டும். பய வேல செய்யிற பயதானான்னு எங்க ஊரும் பாக்கட்டும். அப்பறம் பேசுவோம்."

காசிமாயனுக்கு இருளாயி மேல் உயிர். சின்ன வயதில் திருவிழாவுக்குப் போனபோது அவனை எருமை என்று கூப்பிடாத ஒரே பிள்ளை அவள்தான். அவன் என்னிடம் வந்து நின்றான்.

"நீயும் ஒன் மாட்டப் பத்திக்கிட்டு வாண்ணே. தனியாப் போக பயமா இருக்கு."

போனேன். களத்தில் சோளக்கதிரைப் பரப்பி, மாடுகளை ஒன்றாகப் பிணைத்துக் கட்டி, சுற்றிச் சுற்றி மிதிக்க விடவேண்டும். பிணையல் என்போம். மாட்டின் பின்னாலேயே ஆள் சுற்ற வேண்டும். காலுக்குக் கீழே கொதிக்கிற தரை, தலைக்கு மேலே பங்குனி வெயில், சோளத் தூசி வேறு. களத்துக்குப் பக்கத்திலேயே கிணறு, கிணற்று மேட்டில் ஒரு பெரிய வேம்பு. நல்ல நிழல். ஆனால் உச்சிப் பொழுதில் அந்த வேம்படிக்கு ஒருத்தரும் போகவில்லை. எல்லாரும் அரை பர்லாங் நடந்து புளியமரத்துக்குப் போய்த்தான் துண்டை விரித்தார்கள். என்னவென்று கேட்டேன். மாமாவின் தம்பி சின்னான் என்று ஒருத்தன் விடலையாக இருக்கும்போது அந்த வேம்படியில் பேய் அடித்துச் செத்தானாம். அதிலிருந்து மத்தியானத்தில் யாரும் அங்கே ஒதுங்குவதில்லையாம். எத்தனையோ ஊரில் எத்தனையோ மரம். நானும் புளியமரத்துக்கே போனேன்.

காசிமாயன் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். காலையில் கிணற்றில் ஒரு பழைய துணியை நனைத்து, மடித்து, தலைப்பாவுக்குள் வைத்துக் கட்டிக்கொள்வான். வெயில் ஏற ஏற, தலைப்பாவைச் சரிசெய்கிற மாதிரி ஒரு அமுக்கு அமுக்குவான். நெற்றியில், கன்னத்தில், கழுத்தில் தண்ணீர் வழியும். பார்க்கிறவனுக்கு வேர்வைதான். துணி காய்ந்தால் மாட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று போய் நனைத்துக்கொள்வான். ஏமாற்றா, வைத்தியமா என்று கேட்டால் ரெண்டும்தான். அந்த ஈரம் இருந்ததால்தான் அவனால் நிற்க முடிந்தது. முதல்முறையாக ஒரு முழுப்பகலும் வேலை செய்தான். மாமா பார்த்துக்கொண்டே நின்றார். சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். முகம் சுருங்கித்தான் இருந்தது.

இருளாயி கூழ் கொண்டுவருவாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிப்பான். கடித்துக்கொள்ளக் கொடுத்த வெங்காயத்தை யாருக்கும் தெரியாமல் மடியில் செருகிக்கொள்வான். மடியில் வெங்காயம் சேர்ந்துகொண்டே போனது.

மாமாவின் பங்காளி பேயாண்டி என்று ஒரு ஆள் களத்தில் இருந்தான். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. மாப்பிள்ளை முறை என்றால் கேட்கவே வேண்டாம். ஒருநாள் மத்தியானம் புளியங்கிளையில் எல்லாருடைய துண்டும் காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் உழைத்தவன் துண்டு காய்ந்தால் வெள்ளைக் கோடு கோடாக உப்புப் பூத்திருக்கும். யாரும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் கண் அதைத்தான் பார்க்கும். பேயாண்டி ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்தான்.

"ஏப்பா, இது யாரு துண்டு? வெள்ளாவியில வச்சு எடுத்தமாதிரி கெடக்கு!"

"புது மாப்ள துண்டுல்ல அது."

"மாப்ளைக்கு வேர்வைகூட சுத்தமாத்தான் வருமோ?"

சிரித்தார்கள். காசிமாயனும் தலைப்பா நுனியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தான். அந்த நேரம் பார்த்து நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வழிந்தது. பேயாண்டி விரலால் அதை வழித்து, சும்மா விளையாட்டாக நாக்கில் வைத்தான்.

அவன் முகம் மாறியது. இன்னொரு தடவை வழித்துச் சப்பினான்.

"அண்ணே! நல்லகாமண்ணே! இங்க வாங்க. ஒங்க மருமகன் மேல வழியிறது வேர்வையில்லண்ணே. ஒங்க கெணத்துத் தண்ணி! உப்பே இல்ல, சப்புன்னு இருக்கு!"

சொல்லிக்கொண்டே தலைப்பாவை இழுத்தான். ஈரத்துணி சொத்தென்று மண்ணில் விழுந்தது. அந்தத் தலை, அந்தப் புருவமில்லாத முகம், எல்லாம் பட்டப்பகலில் அப்படியே நின்றது. கூழ்ப்பானையோடு வந்த இருளாயி அங்கேதான் நின்றாள். அவன் ரெண்டு கையாலும் தலையை மூடினான். மூடுகிற வேகத்தில் மடி அவிழ்ந்து வெங்காயம் எல்லாம் உருண்டது.

"கூழுக்குக் குடுத்த வெங்காயத்தயும் வீட்டுக்குக் கொண்டு போறானப்பா!"

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

"வேல செஞ்சதாக் காட்டுறதுக்கு இம்புட்டு வேலயா?" என்றார். குரல் தாழ்ந்துதான் வந்தது. "எங்கக்கா மகன் சோளத்தத் திருடுனான்னாக்கூடப் பொறுத்துக்குவேன். வேர்வையவா ஒருத்தன் திருடுவான்? ஊருக்குப் போப்பா. ஒங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

நான் அவன் கையைப் பிடித்தேன். கை சுட்டது. "வாடா போவோம்" என்றேன்.

"விடுண்ணே."

மண்ணில் கிடந்த துணியை அவன் எடுக்கவில்லை. தலைப்பாவையும் எடுக்கவில்லை. வெறுந்தலையோடு களத்துக்குப் போனான். ஆள் எல்லாம் நிழலில் இருக்க, தனியாக மாட்டை முடுக்கினான். சுற்றினான். நான் போய்க் கயிற்றைப் பிடுங்கப் பார்த்தேன், தள்ளிவிட்டான். கொஞ்ச நேரம் இவர்கள் கேலி செய்தார்கள். அப்புறம் கேலி நின்றுபோயிற்று. முகம் செம்பு மாதிரி சிவந்துவிட்டது, ஒரு பொட்டு ஈரம் இல்லை. மாட்டைப் பார்த்து என்னவோ சொன்னான். பேச்சு குழறியது. ஓட்டிக்கொண்டிருந்த மாட்டுக் காலடியிலேயே விழுந்தான். மாடுகள் தாமாகவே நின்றன.

ஆளாளுக்கு ஓடினோம். ஒருத்தன் வலிப்பு என்று இரும்புச் சாவியைத் தேடினான். பேயாண்டிதான் முதலில் வந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டவன். மாமா எங்களையெல்லாம் விலக்கிக்கொண்டு வந்தார். காசிமாயனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். கட்டின வேட்டியோடு கிணற்றடித் தொட்டிக்குள் இறங்கி, அவனைக் கழுத்துவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தலையில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார்.

"விசிறுங்கடா! ஈரத் துண்டப் போட்டு விசிறுங்க! நிறுத்தாதீங்க! கண்ணத் தெறக்குற மட்டும் நிறுத்தாதீங்க!"

எங்கள் பக்கத்தில் சுருண்டு விழுந்தவனுக்கு யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். ஜன்னி வரும் என்று தண்ணீரையே காட்ட மாட்டார்கள். இவருக்கு இது எப்படித் தெரியும் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. கேட்கிற நேரமில்லை.

கண்ணைத் திறந்துவிட்டான். ஆனால் மறுநாளும் காய்ச்சல் விடவில்லை. மாமா நிலைகொள்ளாமல் அலைந்தார். "மதுரைக்குக் கொண்டு போவோம் மாப்ள" என்றார். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் குற்றப் பரம்பரை என்று போலீசில் கைரேகை வைத்தவர்கள். வெளியூருக்குப் போக வேண்டுமென்றால் தலையாரியைப் பார்த்துச் சீட்டு வாங்க வேண்டும். மாமா போய்க் கெஞ்சி வாங்கிவந்தார். உசிலம்பட்டி வரைக்கும் என் வண்டி, அங்கிருந்து ரயில். ஈரச்சாக்கைப் போர்த்தி உட்கார வைத்தோம். அவன் தலையையும் முகத்தையும் பார்த்துவிட்டு எதிரே இருந்த அம்மாள் பிள்ளையை இழுத்துக்கொண்டு தள்ளிப்போனாள். அவன் சாக்கை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டான்.

மாமாவிடம் பருத்தி எடுக்கிற வியாபாரி சொன்ன டாக்டர் தெற்குமாசி வீதியில் இருந்தார். துளசிராம் என்று பெயர். பட்டுநூல்காரர். நல்ல மனுசர். காய்ச்சலை மறுநாளே இறக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் அவருக்கு ஆசை வந்தது. பக்கத்துத் தெரு டாக்டரையும் கூட்டிவந்தார். வாயைத் திற என்றார்கள், உதட்டைத் தூக்கிப் பார்த்தார்கள், தலையை வெளிச்சத்தில் திருப்பினார்கள். அவர்கள் சௌராஷ்டிர பாஷையிலும் இங்கிலீஷிலும் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு விரல் நீட்டுவது மட்டும்தான் புரிந்தது. சந்தையில் ஆட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படி இருந்தது. காசிமாயன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். வேட்டியைத் தளர்த்தச் சொன்னபோது கும்பிட்டான்.

"அய்யா, இதுக்கு மேல வேணாம்யா."

துளசிராம் ஐயா சட்டென்று நிறுத்திவிட்டார். தானே துண்டை எடுத்து அவன் தோளில் போட்டார்.

"தப்பா நினைச்சுக்காதப்பா. உனக்கு வேர்க்குதா இல்லையான்னு சந்தேகமில்லாமப் பாத்துடலாம். ஒத்துப் பாக்க இவங்க ரெண்டு பேரும் உட்காரட்டும்."

வீட்டுக்குப் பின்னால் முற்றம். ஒரு பக்கம் சாயம் போட்ட நூல் காய்ந்துகொண்டிருந்தது. மூன்று பேரையும் நிழலில் பலகையில் உட்காரவைத்தார். காயத்துக்குப் போடுகிற டிங்சரில் விளக்கெண்ணெய் கலந்து மூன்று முதுகிலும் தடவினார். கையை நீட்டச் சொன்னார். மாமா நீட்டவில்லை. போலீஸ் டேசனில் ரேகைக்கு மை தடவத்தான் அவர் கையை நீட்டியிருக்கிறார். கையை நீட்டு என்றாலே எங்களுக்கு உடம்பு கூசும். "மருந்துதான் பெரியவரே" என்று டாக்டர் சிரித்தார். உள்ளங்கையிலும் தடவினார். பழுப்பாகக் காய்ந்தது. அதன்மேல் ஆரோட்டு மாவைத் தூவினார். வேர்வை பட்ட இடம் மட்டும் இந்த மாவு கறுத்துப்போகும், கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் வெயிலில் உட்காரலாம் என்றார்.

சும்மா இருக்காமல் பேச்சுக் கொடுத்தார். பல், முடி, நகம், வேர்வை வருகிற துவாரம் எல்லாம் கருவில் ஒரே மேல்தோலிலிருந்துதான் முளைக்குமாம். இவனுக்கு அந்த முளைப்பே சரியாக இல்லை, அதனால் எல்லாமே குறை என்றார். ரத்தம் உள்சூட்டைத் தோலுக்குக் கொண்டுவரும், வேர்வை காயும்போது அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும்.

"மண்பானைத் தண்ணி ஏன் குளிருது? மேல கசிஞ்சு காயறதால. பித்தளைச் செம்புல கசிவு இல்ல, வெயில்ல வச்சா கொதிக்கும். நாமெல்லாம் பானை. இவன் செம்பு."

"எருமை மாதிரின்னு சொல்லுவாங்கய்யா" என்றான் காசிமாயன் தலையைக் குனிந்துகொண்டே.

"அதுவும் சரிதான். எருமைக்கும் வேர்வை கம்மி. அதான் தண்ணியைத் தேடிப் போய்ப் படுக்குது."

காசிமாயன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். சிரிப்புக்கு இல்லை.

டாக்டர் மாமாவைப் பார்த்தார். "நீங்க தாய்மாமன்தானே? இது பொம்பளைங்க வழியா வந்து ஆம்பளைப் பிள்ளைங்களுக்குக் காட்டும். இவங்கம்மா கூடப் பொறந்தவங்க, அவங்க மாமன்மார் யாராவது இப்படி இருந்தாங்களா?"

"எங்க வம்சத்துல அப்பிடி யாருமில்லீங்கய்யா" என்றார் மாமா.

"வேர்க்காம, பல்லு இல்லாம? சின்ன வயசுல வெயில் தாங்காமச் செத்துப்போனவங்க?"

"இல்லீங்கய்யா."

எல்லாரும் நிழலில்தான் இருந்தோம். என் முதுகில் இன்னும் ஒன்றும் காணோம். மாமா முதுகும் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் முழங்காலில் மல்லாத்தி வைத்திருந்த அவர் உள்ளங்கை கறுத்துக்கொண்டு வந்தது. முதலில் பொட்டுப் பொட்டாக. ரேகை வரப்பின் மேல் வரிசையாக நாற்று நட்ட மாதிரி. பிறகு பொட்டெல்லாம் சேர்ந்து, மைப்புட்டியில் கையை விட்டு எடுத்தது போல ஆகிவிட்டது. காசிமாயன் பார்த்தான். நான் பார்த்தேன். டாக்டரும் பார்த்தார். மாமா கடைசியில்தான் பார்த்தார். படக்கென்று கையை மூடினார்.

"உள்ளங்கை வெயிலுக்கு வேர்க்கறதைவிட மனசுக்குத்தான் அதிகம் வேர்க்கும் பெரியவரே" என்றார் டாக்டர். அதற்கு மேல் கேட்கவில்லை.

வெயிலில் உட்காரவைத்தார். கொஞ்ச நேரத்தில் மாமா முதுகும் என் முதுகும் நீலமும் கறுப்புமாக ஆகிவிட்டன. காசிமாயன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, என் முதுகு எப்பிடி இருக்கு?"

"வச்சது வச்சபடி இருக்குடா."

தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவன் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி உள்ளே அழைத்துப் போனார்கள்.

கிளம்பும்போது டாக்டர் சொன்னார். "தலையில ஈரத்துணி வச்சியே, அதான் சரியான வைத்தியம். ஒளிக்காம வச்சுக்க. உச்சி வெயில்ல வேலை வேண்டாம்." பிறகு மாமாவிடம், "உங்களுக்கு நல்லா வேர்க்குது. அதனால உங்க பொண்ணுகிட்ட இந்தக் குறை இருக்காது. அவளைக் கட்டி இவனுக்கு ஆம்பளைப் பிள்ளை பொறந்தா அதுக்கு வேர்க்கும். பொம்பளைப் பிள்ளை பொறந்தா, அது வயித்துப் பேரனுக்கு வரலாம்" என்றார்.

ரயில் ஸ்டேசனுக்குப் போகிற வழியில் தெருக்குழாயில் மாமா கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மாவின் கறுப்புப் போயிற்று. டிங்சரின் பழுப்பு போகவில்லை. ரயிலில் அந்தக் கையை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி ஊரைத் தாண்டிய பிறகு காசிமாயன் கேட்டான்.

"யாரு மாமா அது?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் தம்பி. சின்னான். ஒன்னய மாதிரியேதான், தலையும் பல்லும். நான் கமலை ஓட்டுனேன், அவன் மடை திருப்பணும். தொட்டியில போய்ப் போய் உக்காந்துக்கிட்டான். எங்கய்யா வந்து பாத்தாரு. வேலைக்கா ஒளியிறன்னு அந்த வேம்புக்கு அங்கிட்டு, வெயில்ல, கயித்தப் போட்டுக் கட்டிட்டாரு. அவுத்துவிடுண்ணே, தண்ணி ஊத்துண்ணேன்னு கத்துனான். அவுத்தா என்னையும் அடிப்பாருன்னு நான் மாட்ட ஓட்டிக்கிட்டே இருந்தேன். சத்தம் நின்னுச்சு. சரி, தூங்கிட்டான்னு நெனச்சேன்."

மாமா அக்குளில் இருந்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"பேய் அடிச்சிருச்சுன்னு சொன்னோம். ஒங்கம்மாவுக்கு அப்பத்தான் மாப்ள பாத்துக்கிட்டிருந்தாக. வெளிய தெரிஞ்சா யாரு கட்டுவா?"

"எங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"அவதானப்பா குளிப்பாட்டுனா அவன."

வம்சத்திலேயே இல்லாத கூத்து என்று தலையில் அடித்துக்கொண்ட அம்மா அவள். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அப்ப எதுக்கு மாமா என்னயக் களத்துக்குக் கூப்பிட்டீக?"

"தாங்காம ஓடிப்போயிருவ, அப்பறம் பொண்ணு கேக்க மாட்டீகன்னு நெனச்சேன்" என்றார் மாமா. "பேரனும் அப்பிடிப் பொறந்துருவானோன்னு பயம். நீ ஓடல. நின்ன. நீ விழுந்ததும் அவன் விழுந்த மாதிரியே..."

உசிலம்பட்டியில் இறங்கியதும் காசிமாயன் ஊருக்குப் போகிறேன் என்றான். மாமா அவன் கையைப் பிடித்தார்.

"களத்துக்கு வா."

"எதுக்கு மாமா? மிச்சச் சிரிப்பும் சிரிக்கட்டும்னா?"

"ஒரு தடவ வா."

வண்டி களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். ஆட்கள் தூற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்தார்கள். பேயாண்டி முன்னால் வந்தான், காசிமாயன் முகத்தைப் பார்க்க முடியாமல் பின்வாங்கினான். மாமா நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீரோடு வந்தார். எல்லார் முன்னாலும் அவன் தலைப்பாவை அவிழ்க்காமல் அதன் மேலேயே ஊற்றினார்.

"என்னண்ணே, காச்சக்காரனுக்குப் போயி..." என்றான் பேயாண்டி.

"இவனுக்கு வேர்க்காது. தண்ணி ஊத்தணும். என் தம்பிக்கு நான் ஊத்தல."

யாருக்கும் விளங்கவில்லை. மாமாவின் முகமெல்லாம் வேர்வை ஊற்றியது. அந்தப் பழுப்புக் கையால் அதைத் துடைத்தார்.

"சின்னான எந்தப் பேயும் அடிக்கலப்பா. எங்கய்யா கட்டிப்போட்டாரு. நான் பாத்துக்கிட்டிருந்தேன்."

சொல்லிவிட்டுக் களத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வயசாளி ஒருத்தர் கிணற்று மேட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

காசிமாயன் சொட்டச் சொட்ட நடந்து போய் அந்த வேம்படியில் உட்கார்ந்தான். உச்சிப் பொழுது. இருளாயி கூழ்ப்பானையை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். அவள் அம்மா கூப்பிட்டாள், அவள் நிற்கவில்லை.

"மொத நாளே எனக்குத் தெரியும் மச்சான்" என்றாள். "அம்புட்டு மொளகா அரைச்சு ஊத்துன கூழு. அதக் குடிச்சும் ஒங்க மூக்கு நுனியில ஒரு பொட்டுக் காணோம்."

இந்தத் தடவை வெங்காயத்தை அவள் இடித்துக் கொண்டுவந்திருந்தாள். அவன் துண்டால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டுதான் சாப்பிட்டான்.

வைகாசியில் கல்யாணம். அவன் தண்ணீர்க் குடத்தை வரப்பில் வைத்துக்கொண்டு காலையிலும் சாயங்காலமும் வேலை செய்து பிழைத்தான். எருமை என்ற பெயர் போகவில்லை. முதல் பையன் பிறந்த கோடையில் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். தூளியில் கிடந்த பிள்ளையின் மூக்கில் முத்து முத்தாக வேர்வை. அவன் அதைத் துடைக்கக்கூட விடவில்லை. அடுத்தது பெண். சின்னம்மாள் என்று பெயர் வைத்தான். அவளை மடியில் வைத்திருக்கும்போதெல்லாம் அவனுக்குப் பேச்சு குறைந்துவிடும்.

போன வருசம், ரேகைச் சட்டத்தை எடுத்த வருசம், சின்னம்மாளைப் பெண் பார்க்க அவனியாபுரத்திலிருந்து வந்தார்கள். நல்ல இடம். இருளாயி கண்ணாலேயே அவனைத் தடுத்துப் பார்த்தாள். சோலையம்மாள் கிழவி உள்ளேயிருந்து, "டேய், வேணாம்டா, வாய மூடு" என்றாள்.

காசிமாயன் துண்டை எடுத்து மடியில் வைத்தான். வாயில் இருந்த மூன்று பல்லில் ஒன்றுதான் இப்போது மிச்சம். அத்தனை பேர் முன்னாலும் அது தெரியப் பேசினான்.

"என் மக நல்லாருக்கா. ஆனா அவ வயித்துல பொறக்குற பையன் என்னய மாதிரி இருந்தாலும் இருப்பான். பல்லு இருக்காது. வேர்க்காது. வெயில்ல வெரட்டினீகன்னா செத்துப்போவான், தண்ணி ஊத்துனா பொழச்சுக்குவான். சம்மதம்னா தட்ட மாத்துவோம்."

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். கிழவி அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு விளாங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் மகனோடு வந்தார். அவரிடமும் அப்படியே சொன்னான். அவர் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுக்குள்ளயே கெணறு இருக்குங்க" என்றார்.

காசிமாயன் துண்டை எடுத்து முகம் முழுக்க மூடிக்கொண்டான்.